பஸ் கூரையில் ஒரு கோல்

பதின்மூன்று அடி நீளத்தில் மஞ்சள் நிறக் கோல் ஒன்று. நான் பசறைப் பக்கத்துத் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்த காலத்தில், ஏறக்குறைய மூன்று வருடம் அது சனிக்கிழமைதோறும் எங்கள் பஸ்ஸின் கூரையில் பதுளைக்குப் போய் வந்தது. கீழ்முனையில் கறுப்பு ரப்பர் மூடி. மேல்முனையில் வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றிய பிடி. அதற்குச் சற்றுக் கீழே, இத்தனை கிலோவுக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு சீட்டு. கூரையில் நான் ஏற்றாத சாமான் இல்லை. கோவா மூட்டை, கட்டில், அலுமாரி, பொங்கலுக்குக் கரும்புக் கட்டு, ஒருமுறை வெறும் சவப்பெட்டி. எதுவும் எனக்கு இவ்வளவு தொல்லை தந்ததில்லை. மற்றச் சாமான்களை நானே தூக்கிப் போட்டு, கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி, குறட்டால் ஒரு முறுக்கு முறுக்கி, விசில் அடித்துவிடுவேன். இந்தக் கோலை மட்டும் அதன் சொந்தக்காரி தானே மேலே ஏறிக் கட்டுவாள். அதுவும் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்த துண்டுகளால், கைப்பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோல. அதற்குள் டிரைவர் ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டிவிடுவார்.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு, நான் எழுதப்போவதில்லை. பஸ்ஸில் எல்லோருக்கும் அவள் கம்புக்காரப் பொண்ணு. எனக்குத் தங்கச்சி. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். அவள் விளையாடியதற்குக் கோலூன்றிப் பாய்தல் என்று பெயர். கோலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அதை நிலத்தில் ஊன்றி, அது வளைந்து நிமிரும் வேகத்தில் மேலே போய், வீட்டுக் கூரை உயரத்தில் கிடக்கும் குறுக்குத் தடியைத் தாண்டி மறுபக்கம் மெத்தையில் விழ வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த ஒரு பெண் அதில் மாகாணம் வரை போனாள் என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. அதற்குமேல் ஏன் போகவில்லை என்பது இவ்வளவு காலமும் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் போகாததற்குக் காரணம் நான். எழுதினால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தக் கோல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த கதையே ஒரு கூத்து. யாரோ எங்கேயோ பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்தபோது, இரண்டு பந்துகளோடும் ஒரு வலையோடும் இதுவும் வந்து இறங்கியது. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர், சாமான் வீணாகக் கூடாது என்று முற்றத்தில் குழி தோண்டிக் கொடிக்கம்பமாக நட்டுவிட்டார். காற்றில் அது வளைந்து வளைந்து ஆடியதாம். என்ன கம்பம் இது, முதுகெலும்பே இல்லையே என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். சில மாதம் கழித்துப் பதுளையிலிருந்து விளையாட்டு மாஸ்டர் பள்ளிக்கூடம் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், உத்தியோகத்துக்காக இங்கே வந்து தங்கிவிட்டவர், கோபக்காரர். வாசலில் நின்றே கத்தியிருக்கிறார். "ஐயோ, உது என்னெண்டு தெரியுமே உங்களுக்கு? கொடி கட்டுற சாமானே இது?" அவர் கையாலேயே அதைப் பிடுங்கித் துடைத்து, எந்தப் பிள்ளை இதைப் பிடித்து ஓடும் என்று கேட்டார். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. பின்வரிசையில் நின்ற இவளை, உயரமாக இருக்கிறாள் என்பதற்காகத் தள்ளிவிட்டார்கள். இதெல்லாம் அவள் பஸ்ஸில் எனக்குச் சொன்னது. சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் வைத்தால் யாராவது திரும்பவும் நட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மாஸ்டர் கோலை அவள் வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்குள் பதின்மூன்று அடிக்கு எங்கே போவது? இறவாரத்தின் கீழே நீளவாட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். அது மூன்று குடும்பத்து வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா அதில் துணி காயப் போடுவார், இவள் ஓடிப்போய் எடுப்பாள், தினமும் ஒரு சண்டை. பதுளை மைதானத்தில் மட்டும்தான் மெத்தை இருந்தது. ஆகவே கிழமை நாட்களில் தோட்டத்து ரோட்டில் கோலோடு ஓடிப் பழகுவாள், சனிக்கிழமை பதுளைக்கு வந்து பாய்வாள். எடை கூடக் கூடாது என்பதால் அந்தி நேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்த் தராசுக் கொக்கியில் இரண்டு கையாலும் தொங்குவாள். நிறுவைக்கு நின்ற பெண்கள், ஒரு நல்ல கூடைக் கொழுந்துக்கு மேல் இவளிடம் ஒன்றுமில்லை என்று கேலி செய்வார்களாம். கணக்கப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே முள்ளைப் பார்த்துச் சொல்லுவாராம். சீட்டில் எழுதியிருந்த அளவுக்கு இரண்டு மூன்று கிலோ குறைவாகவே அவள் எப்போதும் இருந்தாள்.

நான் அவள் பாய்ந்ததை முதலில் பார்த்தது தற்செயலாக. ஒரு சனிக்கிழமை பதுளையில் டயர் மாற்ற பஸ்ஸை விட்டுவிட்டு மைதானத்துப் பக்கம் போனேன். அதுவரைக்கும் எனக்கு அது கூரையை அடைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். அவள் தூரத்தில் நின்று கோலைத் தூக்கினாள். எங்கள் பஸ்ஸில் குனிந்து ஓரமாக நிற்கிற பிள்ளை அது என்று நம்ப முடியவில்லை. ஓடி வந்தாள், ஊன்றினாள், கோல் வில்லாக வளைந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கால் மேலேயும் தலை கீழேயுமாக வானத்தில் இருந்தாள். அப்படியே உடம்பை ஒரு திருப்புத் திருப்பித் தடியைத் தாண்டி, கோலை மெல்லத் தள்ளிவிட்டு விழுந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் ஆட்கள் குனிந்து கொழுந்து எடுப்பதையும், குனிந்து மூட்டை தூக்குவதையும், குனிந்து ஒப்பம் வைப்பதையும் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒருத்தி அவ்வளவு உயரத்தில் தலைகீழாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்காக எதையும் செய்வேன் என்று ஆகிவிட்டது. பஸ் புறப்படும் நேரத்துக்கு அவள் வராவிட்டால், டிரைவரிடம் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தி வைப்பேன். அவள் கட்டுவதை மட்டும் திட்டாமல் இருக்க மாட்டேன். "இது என்னா தங்கச்சி, தொட்டிலா கட்டுற? கம்பியால ஒரு முறுக்கு முறுக்கினா மொனராகலை வரைக்கும் போனாலும் அசையாது" என்பேன். "கீறு விழக் கூடாதுண்ணே. சின்னதா ஒரு கீறு விழுந்தாலும் வளையிறப்ப அங்கதான் ஒடயும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு" என்பாள். இதை அவள் ஒருமுறை இருமுறை அல்ல, பல முறை எனக்குச் சொல்லியிருக்கிறாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

மாகாணப் போட்டியில் முதல் வருடம் மூன்றாவதாக வந்தாள், அடுத்த வருடம் இரண்டாவது. மூன்றாவது வருடம் மாஸ்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். கொழும்பில் ஒரு பெரிய கம்பனி விளையாட்டுப் பிள்ளைகளுக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்துப் பயிற்சியும் தருகிறதாம். அங்கிருந்து ஒரு அம்மா பதுளைப் போட்டியைப் பார்க்க வருகிறாராம். மூன்று மீற்றரைத் தாண்டினால் எடுத்துக்கொள்வார்கள். பழகும்போது அந்த உயரத்தை அவள் இரண்டு முறை தாண்டியிருந்தாள். பள்ளிக்கூடம் முடிகிற வயது அது. அங்கே போகாவிட்டால் அடுத்த மாதமே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துக் கொழுந்துக் கூடையை மாட்ட வேண்டும். இரண்டே வழிதான் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா போட்டிக்கு முந்தின நாள் பஸ் நிறுத்தத்துக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு நாளு புள்ளயக் கொஞ்சம் பாத்துக் கூட்டிப் போங்க தம்பி" என்றார். நான் பெரிய மனிதனாட்டம் தலையாட்டினேன்.

மறுநாள் விடிந்தபோது நல்ல மழை. பசறை ரோட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், மழையில் அதில் பஸ் போவதில்லை, வழுக்குகிறது. அவள் கூரையில் ஏறி நனைந்துகொண்டே சேலைத் துண்டுகளைக் கட்டினாள். ஈரத் துணி முடிச்சில் நிற்கவில்லை. உடம்பு நடுங்கியது. இவளுக்கு இன்றைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்றுதான் நான் நினைத்தேன். "நீ எறங்கு தங்கச்சி. உள்ள போயி தலையத் தொவட்டு. நான் பாத்துக்கிறேன்" என்றேன். தயங்கினாள். "துணி மேலதான் கட்டுவேன், போ" என்று அதட்டினேன். போனாள். இரண்டு முனையிலும் சொன்னபடி துணியின் மேல்தான் கம்பியைச் சுற்றினேன். ஆனால் ஸ்டார்ட்டில் நின்ற பஸ்ஸின் உதறலிலேயே கோலின் நடுப்பகுதி கேரியர் சட்டத்தில் தட்டித் தட்டிக் குதித்துக்கொண்டிருந்தது. அத்தனை வளைவிலும் இப்படி அடிபட்டால் என்ன ஆகும்? துணி வேறு மிச்சமில்லை. நடுவில் வெறும் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிக் குறட்டால் இறுக்கினேன். வழக்கத்தைவிட ஒரு முறுக்கு அதிகம். அன்று முக்கியமான நாள் அல்லவா? இறங்கும்போது என் கட்டை நானே மெச்சிக்கொண்டேன்.

பதுளையில் மழை விட்டிருந்தது. கம்பியை வெட்டிக் கோலை இறக்கி, என் தோளில் கிடந்த துவாயால் துடைத்தேன். நடுவில் கம்பி பட்ட மூன்று மங்கல் தடம், அதில் ஒன்றில் மயிரிழை போல ஒரு கோடு. விரலால் தடவினேன், விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. தட்டாத மாதிரித்தான் இருந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். அவள் ஏற்கெனவே பயந்து போயிருந்தாள், இதையும் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "நல்லா பாயி தங்கச்சி" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொடப் பார்த்தாள், நான் விலகிக்கொண்டேன்.

டிரைவரும் நானும் அடுத்த பயணத்துக்கு இருந்த நேரத்தில் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தோம். இரண்டு உயரத்தைச் சுலபமாகத் தாண்டினாள். கொழும்பு அம்மா குடையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். மூன்று மீற்றருக்குத் தடியை ஏற்றினார்கள். ஓடி வந்தாள். ஊன்றினாள். கோல் வளைந்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கோலின் ஒரு பாதி தனியாக மேலே பறந்ததைத்தான் நான் பார்த்தேன். அவள் மெத்தைக்கு வரவில்லை. அதன் ஓரத்துச் சீமெந்தில் கை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மாஸ்டர் ஓடினார், எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், ஆனால் அவளிடம் அல்ல, கோலிடம். கையில் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோட்டில்தான் முறிந்திருந்தது. உடைந்த விளிம்பில் என் கம்பியின் மூன்று தடமும் வரிசையாகத் தெரிந்தன. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேனில் ஏற்றுகிற அவசரத்தில் மாஸ்டர் அதைப் பார்க்கவேயில்லை. "உதை எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்திலை குடுத்துவிடும், ஆற்றையேன் காலிலை குத்தப்போகுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை திரும்பும் பயணத்தில், ஒரு வளைவில் பஸ் வேகம் குறைந்தபோது, பின்கதவால் அந்த இரண்டு துண்டுகளையும் பள்ளத்துக்குள் எறிந்தேன். ஏன் எறிந்தாய் என்று கேட்டால், பயம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. வேலை போகும் என்ற பயம் அல்ல. அவளுடைய அப்பா என் கையைப் பிடித்தாரே, அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம்.

திங்கட்கிழமை அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். கையில் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று சொன்னாள். கோல் உடையாது, எடை கூடியவர்கள் பாய்ந்தால்தான் உடையும், நீர் உம்முடைய எடையை மறைத்திருக்கிறீர் என்று மாஸ்டர் ஏசினாராம். அந்தக் காலையில்கூட மடுவத்தில் தொங்கிப் பார்த்தேன் சேர் என்று இவள் சொல்லியிருக்கிறாள். "கொழுந்துத் தராசே?" என்று கேட்டாராம் மாஸ்டர். நின்றவர்கள் சிரித்துவிட்டார்களாம். கொழுந்துத் தராசு குறைத்துத்தான் காட்டும் என்பது ஊருக்கே தெரிந்த விசயம். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று அது எங்கள் அம்மாமாரின் முதுகில் இருந்ததை ஒருநாளும் முழுதாகக் காட்டியதில்லை. அந்தத் தராசை நம்பித்தான் இவள் மூன்று வருடம் வயிற்றைக் கட்டியிருந்தாள். ஆனால் கொழும்பு அம்மா மட்டும் சிரிக்கவில்லையாம். கை சரியாகும் வரை காத்திருக்கலாம், உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து காட்டு, கோலில் பழுது இருந்திருந்தால் உடைந்த இடத்தில் தெரியும், அப்படியானால் வேறு கோல் கொடுத்து இன்னொரு தரம் பார்க்கிறேன் என்றாராம். புதன்கிழமை காலை வரைக்கும் பதுளையில் இருப்பாராம்.

"கம்புத் துண்டு உங்ககிட்டதானே இருக்குண்ணே?" என்று கேட்டாள்.

"வழியில விழுந்திருச்சி தங்கச்சி" என்றேன். "கட்டாம போட்டுட்டேன். எங்க விழுந்திச்சின்னு தெரியல."

அவள் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. புதன்கிழமை கொழும்பு அம்மா போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் அவள் விடவில்லை. வேறு கோல் தாருங்கள் என்று மாஸ்டரிடம் நடையாய் நடந்தாள். எடையை மறைத்த பிள்ளைக்கு நம்பிக் கொடுக்க முடியாது என்றுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இன்னொரு முறை உடைந்து கழுத்து முறிந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்தார். அப்பா மூங்கில் வெட்டிக் கொடுத்தார். மூங்கில் வளையவில்லை. சாக்குக்குள் காய்ந்த புல்லை அடைத்து அதன்மேல் விழுந்து பார்த்தாள், தோள்பட்டை நழுவியது. பிறகு கூடையை மாட்டினாள். சனிக்கிழமைகளில் எங்கள் பஸ் தோட்டத்து மலையைத் தாண்டும்போது, பறித்துக்கொண்டிருக்கிற பெண்களில் யார் அவள் என்று நான் தேடுவேன். கண்டுபிடித்ததில்லை. எல்லோரும் ஒரே மாதிரிக் குனிந்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் முழங்கால் தேய்ந்து கண்டக்டர் வேலையை விட்டு, பசறை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக உட்கார்ந்துவிட்டேன். இப்போது என் வேலை, பஸ்களைக் குறித்த நேரத்தில் அனுப்புவது.

போன தை மாதம் பொங்கல் கழிந்து இரண்டாம் நாள், என் கூண்டுக்கு முன்னால் வந்து ஒரு பெண் நின்றாள். "என்னண்ணே, மறந்திட்டீங்களா?" என்றாள். முகம் கறுத்து ஒடுங்கியிருந்தது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு மொனராகலைக்குத் திரும்புகிறாள். பக்கத்தில் பன்னிரண்டு வயதில் ஒரு மகள், அதே நீளக் கால். அந்தப் பிள்ளை சும்மா நிற்கவில்லை, நடைபாதை ஓரத்துச் சாக்கடைக் கானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. தேத்தண்ணியும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன். மகள் ஒரு வடையை முடித்துவிட்டு மற்றதை எடுக்கப் போக, இவள் கையைத் தட்டிவிட்டாள்.

"சாப்பிடட்டுமே, வளர்ற புள்ள" என்றேன்.

"வேணாண்ணே. எங்க ஒடம்பு வாகு அப்பிடி. தெரியாமலே எடை ஏறிரும். எனக்கு அதுதானே வந்திச்சி" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நீளம் பாய்தலுக்கு மகளை வலயப் போட்டிக்கு அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு தரம் வீட்டுக்கே வந்தாராம். இவள் விடவில்லையாம். "ஏமாந்து போவாண்ணே. நம்ம எலும்பே பாரம். நான் பட்டது போதும்."

இவ்வளவு காலமும் என் தவறு அவள் ஒருத்தியோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குள்ளும் காலுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த இடத்தில்தான் கண்டேன். வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "உன் எடை இல்ல தங்கச்சி. நான்தான். அன்னைக்கி மழையில நடுவுல வெறும் கம்பியால கட்டினேன். அந்த எடத்துலதான் ஒடஞ்சிச்சி. நான் என் கண்ணால பாத்தேன். உன் எடையில ஒரு பெசகும் இல்ல. தராசு கொறைச்சிக் காட்டியிருந்தாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீ புள்ளயப் பாய விடு" என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள், அல்லது அழுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டோம் என்பதில் எனக்குள்ளே கொஞ்சம் நிம்மதிகூட வந்துவிட்டது, வெட்கக்கேடு.

"அப்ப அந்தத் துண்டு?" என்றாள். "வழியில விழுந்திருச்சின்னீங்களே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தூக்கி எறிஞ்சிட்டேன்."

"எந்த எடத்துல?"

வளைவைச் சொன்னேன்.

அவள் மெல்லத் தலையாட்டினாள். பிறகு பேசினாள். நான் மேலே எழுதும்போது வேண்டுமென்றே விட்டுவிட்ட ஒன்றைத்தான் பேசினாள். "நானும் அப்பாவும் அந்தச் செவ்வாக்கெழமை முழுக்க ரோட்டோரமாத் தேடினோம்ண்ணே. ஒவ்வொரு வளைவுலயும் அப்பா பள்ளத்துல எறங்கி எறங்கிப் பாத்தாரு. அட்டை கடிச்சி காலெல்லாம் ரத்தம். அந்தியில நீங்க பஸ்ஸோட வந்தீங்க. எங்களப் பாத்து நிப்பாட்டினீங்க. பஸ்ஸு நெறஞ்சி போயிருந்திச்சி. உக்காந்திருந்த ஒரு ஆள எழுப்பிவிட்டு அப்பாவ உக்கார வச்சீங்க." மகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "சாகுற வரைக்கும் அப்பா அதச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தக் கண்டக்டர் தம்பி மாதிரி மனுசன் கெடையாதுன்னு."

மொனராகலை பஸ் வந்து நின்றது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் போய் ஏறினாள். மகளைப் பாய விடுவாளா, விட மாட்டாளா, எனக்குத் தெரியாது. பொங்கல் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பிள்ளையோடு நிற்கிற பெண்களைக் கண்டால், யாராவது எழுந்து இடம் கொடுங்கள் என்று வெளியிலிருந்தே குரல் கொடுப்பது என் வழக்கம். அன்று வாய் வரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே அவர்கள் இரண்டு பேரும் போனார்கள். நேரத்தைக் குறித்து ஒப்பம் வைத்து அந்த பஸ்ஸை அனுப்பியவன் நான்.